பொதுச் சுவருக்கு யார் செலவு செய்வது?

அன்புள்ள ஐயா,

வணக்கம். பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காரைக்குடியில் எங்கள் சபையின் சேகரக் குழுவில் இருக்கிறேன். செட்டிநாட்டு வீடுகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், “இந்த வட்டாரத்துச் சபைகளும் இப்படித்தான், மேடையில் மட்டும் ஒரே குடும்பம்” என்று போகிற போக்கில் ஒரு வரி வருகிறது. படித்ததும் கோபம் வந்தது. இரண்டு நாள் யோசித்த பிறகு வருத்தம்தான் மிஞ்சியது.

டிசம்பரில் ஐக்கியக் கிறிஸ்துமஸ் விழா நடத்துகிறோம். சி.எஸ்.ஐ. என்கிற தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே பாஸ்டர்கள் எல்லாரும் வருவார்கள். கேக் வெட்டுவோம், சால்வை போடுவோம். ஜனவரி பிறந்தால் ஒருவர் சபையில் நடப்பது இன்னொருவருக்குத் தெரியாது. போன வருஷம் வெளிநாட்டிலிருந்து எங்கள் கூட்டுச் சபையின் குழு ஒன்று வந்தது. மாலை, நாதஸ்வரம், செட்டிநாட்டுச் சாப்பாடு என்று குறையில்லாமல் கவனித்தோம். அவர்கள் எங்கள் கணக்குப் புத்தகத்தைக் கேட்டுப் பார்த்தார்கள், பிள்ளைகள் விடுதியைப் படம் எடுத்தார்கள். தங்கள் ஊரில் ஆலயத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. இதற்குப் பெயர் ஐக்கியமா? ‘சபைகளுக்கிடையே உரையாடல்’ என்று பெரியவர்கள் அறிக்கை விடுகிறார்களே, அதனால் எங்களைப் போன்ற சிறிய சபைக்கு என்ன லாபம்? இன்னொன்றும் கேட்க வேண்டும். ‘மிஷன்’ என்று நாங்கள் வாயைத் திறந்தாலே பக்கத்து வீட்டுக்காரர் முகம் மாறுகிறது. நீங்கள் வெளியே இருந்து பார்ப்பவர். உள்ளதைச் சொல்லுங்கள். என் பெயரைப் போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், காரைக்குடி

அன்புள்ள நண்பருக்கு,

அந்த வரியை நான் எடுக்கப்போவதில்லை. ஆனால் ஒரே வரியில் சொல்லிவிட்டு நகர்கிற விஷயம் இல்லை இது என்று நீங்கள் நினைப்பது சரிதான். விரிவாகவே எழுதுகிறேன்.

நான் நகரத்தார் வீட்டில் பிறந்தவன், திருநீறு பூசுகிறவன். உங்கள் திருவிருந்து மேசையில் எனக்கு இடமில்லை, அதில் எனக்குக் குறையும் இல்லை. ஆனால் இந்த மண்ணில் சபைகள் செய்த வேலையைச் சாப்பிட்டு வளர்ந்த வீடு எங்களுடையது. நம் பக்கத்துத் திருப்பத்தூர் சுவீடிஷ் மிஷன் ஆஸ்பத்திரியைச் சொல்லாமல் எங்கள் அப்பத்தா காலத்துப் பிரசவக் கதை எதையும் சொல்ல முடியாது. அங்கே போன ஆச்சிமார் யாரும் மதம் மாறவில்லை. ஆனால் மிஷன் என்றதும் அவர்களுக்கு நினைவு வந்தது வெள்ளை உடுத்திய நர்ஸம்மாதான். பக்கத்து வீட்டுக்காரர் முகம் மாறுகிறது என்கிறீர்கள். அவர் பாட்டியிடம் கேட்டிருந்தால் மாறியிருக்காது. இப்போது அவர் கண்ணில் படுவது ஒலிபெருக்கியும் கன்வென்ஷன் போஸ்டரும். அதற்கு நீங்கள் மட்டும் பொறுப்பில்லை, காலமும் சேர்ந்து கெட்டிருக்கிறது. ஆனாலும் போஸ்டரில் உங்கள் பங்கு கொஞ்சம் உண்டு.

உங்கள் வெளிநாட்டு விருந்தாளிகள் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பட்ட வருத்தம் நூறு வருஷத்துக்கும் மேல் பழையது. 1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. வந்தவர்களில் பெரும்பாலோர் ஐரோப்பியர், அமெரிக்கர். ஆசியாவிலிருந்து போனவர்கள் ஒரு சிலரே. அவர்களில் ஒருவர் திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. மிஷனரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் இடையே ஒட்டுதல் இல்லை, மனம்விட்டுப் பேசுவது இல்லை என்று அந்த மாநாட்டில் நேருக்கு நேராகச் சொன்னார். முடிக்கும்போது சொன்னது இது: “ஏழைகளுக்கு உங்கள் உடைமைகளைக் கொடுத்தீர்கள். உங்கள் உடலைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள். நாங்கள் அன்பையும் கேட்கிறோம். எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்.”

கூட்டத்தில் பலருக்கு அது பிடிக்கவில்லை. பிடிக்காமல் போனதில் ஆச்சரியமில்லை. பவுல் கொரிந்தியருக்கு எழுதியதையே எடுத்து, அன்பில்லாமல் கொடுத்தால் என்ன பிரயோசனம் என்று, கொடுத்தவர்களைப் பார்த்தே கேட்டுவிட்டார். அசரியாவை வெறும் குறை சொல்லி என்று யாரும் ஒதுக்க முடியவில்லை என்பதையும் கவனியுங்கள். அதற்கு 7 வருஷம் முன்பே, 1903இல், திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் தங்கள் காசில் தங்கள் ஆட்களை அனுப்ப இந்திய மிஷனரி சங்கம் தொடங்கினார்கள். அதை முன்னின்று தொடங்கியவர்களில் அசரியா ஒருவர். பிறகு அவரே தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல்லுக்கு ஊழியராகப் போனார். 1912இல் கல்கத்தாவில் அபிஷேகம் பெற்று, தோர்ணக்கல்லுக்கே ஆயர் (பிஷப்) ஆனார். ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்திய ஆயர் அவர்தான். கை நீட்டி வாங்குகிறவன் கேட்ட கேள்வி என்றால் தள்ளியிருப்பார்கள். தானும் கொடுத்துப் பழகியவன் கேட்டதால் அது நின்றது.

நீங்கள் விருந்தாளிகளிடம் ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. அவர்கள் கணக்குக் கேட்டது தப்பில்லை. பணம் கொடுக்கிறவன் கணக்குக் கேட்பான், செட்டிநாட்டுக்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். அவர்கள் கணக்கை நீங்கள் கேட்காததுதான் தப்பு. சபைகளிலேயே சிலர் இதை மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். 1795இல் தொடங்கிய லண்டன் மிஷனரி சொசைட்டி இங்கிலாந்திலிருந்து ஆள் அனுப்பும் சங்கமாகவே நெடுங்காலம் இருந்தது. 1977இல் அதன் வழிவந்த அமைப்பு உலக மிஷன் கவுன்சிலாக மாறியது. அதுவரை ‘பெற்றுக்கொண்ட’ சபைகளும் ‘அனுப்பிய’ சபைகளும் ஒரே மேசையில் சம உறுப்பினர்கள் ஆனார்கள். பணமும் ஆளும் எங்கே போவது என்று கூடி முடிவு செய்தார்கள். தென்னிந்தியத் திருச்சபையும் அதில் உறுப்பு. எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பணம் இருக்கிறவன் குரல் எந்த மேசையிலும் கொஞ்சம் உரக்கத்தான் கேட்கும். ஆனால் சாவியை ஒருவர் இடுப்பிலிருந்து அவிழ்த்து நடுவில் வைத்தார்கள். அது சிறிய காரியமில்லை.

உங்கள் விருந்தாளிகள் எந்த நாட்டவர் என்று நீங்கள் சொல்லவில்லை. சுவீடன் என்றால் கேட்க ஒன்று இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி அவர்கள் சபையும் அரசாங்கமும் பிரிந்தன. அரசாங்கச் சபையாக இருந்து பழகியவர்கள், ஆள் குறையும் காலத்தில் தனியாக நிற்பது எப்படி இருக்கிறது? ஜெர்மனியில் லைப்சிக் பக்கம் என்றால் இன்னும் நல்லது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு மூல மிஷன்களில் ஒன்று அந்த ஊரில்தான் இருந்தது. கிழக்கு ஜெர்மனி இருந்தவரை, சபையைச் சந்தேகத்தோடு பார்க்கிற அரசின் கீழ் 40 வருஷம் காலம் தள்ளியவர்கள் அவர்கள். அந்த ஊர் நிக்கோலாய் ஆலயத்தில் திங்கள்கிழமைதோறும் சமாதான ஜெபம் நடந்தது. 1989 அக்டோபர் 9 அன்று ஜெபம் முடிந்து மக்கள் கையில் மெழுகுவர்த்தியோடு தெருவில் இறங்கினார்கள். ஏறத்தாழ 70,000 பேர். ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. சிறுபான்மையாக, அதிகாரம் இல்லாமல், பயத்தோடும் பயப்படாமலும் எப்படி இருப்பது என்று அவர்களுக்குத் தெரிந்தது இன்று உங்களுக்கும் வேண்டியதுதான். விடுதிக்கு அவர்கள் கொடுக்கிற பணத்தைவிட அது பெறுமானமுள்ளது. நாதஸ்வரம் வாசித்து அனுப்பிவிட்டீர்களே!

இனி உள்ளூர். சபைகள் எல்லாம் ஒன்றாகிவிட வேண்டும், அதுதான் ஐக்கியம் என்று உங்கள் கடிதத்தில் ஒரு ஏக்கம் தெரிகிறது. நான் அந்தக் கட்சி இல்லை. எங்கள் வீடுகளில் மகனுக்குக் கல்யாணமானால் கொஞ்ச நாளில் வேறு வைப்பார்கள். அதே வீடு, அதே வளவு, ஆனால் அவனுக்குத் தனி அறை, தனி அடுப்பு. பொதுவிலிருந்து ஆண்டுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுப்பார்கள், சமையல் அவரவர் பாடு. கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால் எல்லா அடுப்பும் அணைந்து ஒரே பந்தி. வேறு வைத்ததால் எந்தச் செட்டிநாட்டு வீடும் இடியவில்லை. பிறகு ஏன் இத்தனை வீடுகள் இடிந்தன? ஓடு ஒழுகும்போது, பொதுச் சுவர் காரை உதிரும்போது, “எனக்கு எட்டில் ஒரு பங்குதானே, அவன் போடட்டும்” என்று பங்காளிகள் ஒவ்வொருவரும் இருந்ததால். கடைசியில் பர்மாத் தேக்குத் தூண் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடையில் படுத்துக் கிடக்கிறது. சபைகளைப் பற்றி அந்த ஒரு வரி எழுதும்போது என் மனதில் இருந்தது இதுதான். உங்களுக்குத் தனி ஆராதனை முறை இருப்பதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. பொதுச் சுவர் எது என்றே நீங்கள் யாரும் பேசிக்கொள்வதில்லை என்பதுதான் புகார்.

ஒன்றாவதும் லேசில் நடக்கவில்லை. 1919 மே மாதம் தரங்கம்பாடியில் 33 ஊழியர்கள் கூடினார்கள். இருவரைத் தவிர எல்லாரும் இந்தியர். மேல்நாட்டில் உண்டான பிளவுகளை நாங்கள் ஏன் சுமக்க வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். அதிலும் அசரியா முன்னின்றார். அந்த அறிக்கை சபையாகப் பிறக்க 28 வருஷம் ஆனது. ஆயர் வேண்டுமா வேண்டாமா, யார் கைவைத்து அபிஷேகம் செய்தால் செல்லும் என்று பேசிப் பேசி, 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. அசரியா அதற்கு இரண்டே முக்கால் வருஷம் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அப்போதும் நந்தியால் பக்கத்து ஆங்கிலிக்கன் சபைகள் சேர மறுத்து வெளியே நின்றன. லுத்தரன்கள் சேரவே இல்லை. வருஷக்கணக்கில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, பல விஷயங்களில் ஒத்த கருத்து என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்கள், சபை மட்டும் ஒன்றாகவில்லை. ஆனால் மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய இறையியல் கல்லூரியில் இரு சபைப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து குருப்பட்டத்துக்குப் படிக்கிறார்கள். எனக்கு இந்த இரண்டாவது செய்திதான் முக்கியமாகப் படுகிறது.

உங்கள் மதுரை-இராமநாதபுரம் சி.எஸ்.ஐ. திருமண்டலத்தின் கதையே ரசமானது. மதுரை, இராமநாதபுரம் பகுதியில் அமெரிக்க மதுரை மிஷன் வளர்த்த சபைகள், ஆயர் என்கிற பதவியே வேண்டாம் என்ற மரபில் வந்தவை. 1947இல் அவர்களுக்கு முதல் பேராயராக வந்தவர் லெஸ்லி நியூபிகின், அவரும் ஆயர் இல்லாத ஸ்காட்லாந்துச் சபையின் மிஷனரி. வயது 37. ஆயரைக் கண்டிராதவர் ஆயராகி, ஆயரை விரும்பாதவர்களிடம் போய்ச் சேர்ந்தார். பக்கத்திலேயே எஸ்.பி.ஜி. என்கிற இங்கிலாந்து மிஷன் சங்கத்தின் வழிவந்த ஆங்கிலிக்கன் சபைகள், அவர்களுக்கோ ஆயர் இல்லாமல் கைகால் ஓடாது. இத்தனை பேரையும் வைத்து 12 வருஷம் ஓட்டினார். எந்தச் சபையின் மீதும் அதற்கு ஒவ்வாத ஆராதனை முறையைத் திணிப்பதில்லை என்ற உறுதிமொழி அதற்குக் கை கொடுத்தது.

கசப்பான பகுதி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் மேடைப் பேச்சாளன் ஆகிவிடுவேன். தமிழ்நாட்டில் சபைகள் பிரிந்ததற்கு மேல்நாட்டு இறையியல் மட்டும் காரணமில்லை. 1833இல் கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அறவே கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னையிலும் வெள்ளாளக் கிறிஸ்தவர்களில் பலர் மறுத்தார்கள். ஒரே கிண்ணத்தில் திருவிருந்து, ஒரே பாயில் உட்காருவது, இதெல்லாம் முடியாது என்றார்கள். சில வருஷங்களில் சாதி விஷயத்தில் கொஞ்சம் இளக்கமாக இருந்த ஜெர்மன் லுத்தரன் மிஷன் வந்தபோது பலர் அந்தப் பக்கம் போனார்கள். எதிர்த்தவர்களில் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் உண்டு. இன்று சி.எஸ்.ஐ., லுத்தரன் என்ற வித்தியாசம் பாராமல் எல்லாரும் பாடுவது அவர் கீர்த்தனைகளைத்தான். பாட்டு வேலி தாண்டிவிட்டது, அவர் தாண்டவில்லை.

நம் பக்கத்துக்கு வாருங்கள். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் ஜில்லாவில் கள்ளர் சாதி நாட்டார்கள் ஆதிதிராவிடர்கள் மீது எட்டுத் தடைகள் போட்டார்கள். பொன், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் சட்டை, பனியன் போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. பெண்கள் மேலே துணி போர்த்தக் கூடாது, பூ வைக்கக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் மட்டும்தான். அடுத்த ஆண்டு ஜூனில் அதைப் பதினொன்றாக்கினார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். நகரத்தார் வட்டிக்கடை ரங்கூனிலும் சைகோனிலும் ஓகோவென்று நடந்த காலத்தின் கடைசி வருஷங்கள் அவை. எங்கள் முகப்பில் இத்தாலிச் சலவைக்கல் பதித்துக்கொண்டிருந்தபோது நாலு மைலில் ஒருவன் செருப்புப் போட்டதற்கு அடி வாங்கிக்கொண்டிருந்தான். அப்படி அடி வாங்கிய சனங்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று இந்த வட்டாரத்தில் எல்லாச் சபைகளிலும் முன்வரிசையிலும் பின்வரிசையிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். கல்லறைத் தோட்டத்துக்குள் சாதிக்குச் சாதி குறுக்குச் சுவர் எழுப்பிய ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அங்கே சாதிக்குத்தான் சுவர், சபை எதுவானாலும் ஒரே கதை. கேக் வெட்டுகிற மேடையில் நாலு சபைகளும் ஒன்று சேர்ந்து சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் இதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

உரையாடலால் என்ன லாபம் என்று கேட்டீர்கள். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் வத்திக்கானும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மனிதன் நீதிமானாவது கிருபையால், விசுவாசத்தால் என்பதில் அடிப்படையில் நமக்குள் சண்டை இல்லை என்றார்கள். 1517இல் மார்ட்டின் லூத்தர் தொடங்கிய வழக்கில் 482 வருஷம் கழித்து ராஜி. 2006இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் காரைக்குடியில் ஒரு லுத்தரன் பெண்ணும் கத்தோலிக்கப் பையனும் கல்யாணம் செய்ய நினைத்தால் அந்த அறிக்கை யாருக்கு ஞாபகம் வரும்? கல்யாண அறிவிப்பு ஓலை எங்கே வாசிப்பது, எந்த ஆலயத்தில் தாலி, பிள்ளை பிறந்தால் ஞானஸ்நானம் எங்கே? பெண் வீட்டுப் போதகரும் மாப்பிள்ளை வீட்டுப் பங்குத்தந்தையும் போனில்கூடப் பேசாமல், இரண்டு குடும்பமும் நடுவே கிடந்து அல்லாடுவதை நான் பார்த்திருக்கிறேன். கத்தோலிக்கருக்கு உங்கள் ஞானஸ்நானம் செல்லும் என்பது வத்திக்கான் ஏற்றுக்கொண்டது. இது அந்தப் பெண்ணின் தாய்க்குத் தெரியாது. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நீங்கள் கேட்கிற லாபம் அங்கே இருக்கிறது. இரண்டு குருமார் உட்கார்ந்து ஒரு டீ குடித்தால் போதும், ஒரு குடும்பத்தின் ஆறு மாத அழுகை மிச்சம்.

பெந்தெகொஸ்தே பாஸ்டர்களோடு இது கஷ்டம், தெரியும். எடுத்த ஞானஸ்நானத்தைச் செல்லாது என்று மறுபடி முழுக்குவார்கள், நீங்கள் ஆடு திருடுகிறார்கள் என்பீர்கள். உங்கள் ஆடு ஏன் வேலி தாண்டியது என்றும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் ராத்திரி பத்து மணிக்கும் வந்து தலையில் கைவைத்து ஜெபிக்கிறவர் அவர். உங்கள் சேகரத்தில் அதற்கு மனுப் போட வேண்டியிருக்கும் போலிருக்கிறது.

ஆகவே உங்கள் ஐக்கியக் கிறிஸ்துமஸை நிறுத்த வேண்டாம், நடக்கட்டும். சட்டமன்ற உறுப்பினருக்குப் போடுகிற சால்வையைக் குறைத்தால் செலவு மிச்சமாகும். ஜனவரி 18 முதல் 25 வரை கிறிஸ்தவ ஒருமைப்பாட்டு ஜெப வாரம் என்று உலகில் பல நாடுகளில் வைத்திருக்கிறார்களே, அந்த வாரத்தில் மேடை வேண்டாம். நாலு சபையிலிருந்தும் இரண்டிரண்டு பேர் ஒரு மேசையில் உட்காருங்கள். ஊரில் வெளிநாடு போன பிள்ளைகளால் தனியாக விடப்பட்ட கிழவர், கிழவியர் எத்தனை பேர் என்று தெருத்தெருவாக ஒரு பட்டியல் எடுங்கள். உங்கள் ஆட்கள் மட்டும் என்று வடிகட்டாதீர்கள், பெரிய வீட்டில் ஒற்றை விளக்கோடு இருக்கிற ஆச்சிகளும் அதில் வருவார்கள். யார் எந்தத் தெரு, மாத்திரை வாங்கிக் கொடுப்பது யார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக யார் வண்டி, செலவு எந்தப் பொதுக் கணக்கு என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கணக்குப் புத்தகத்தை அடுத்த தடவை வெளிநாட்டு விருந்தாளிகளிடம் காட்டுங்கள், அவர்கள் ஊரில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்றும் கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரரையும் அந்தப் பட்டியல் வேலைக்குக் கூப்பிடலாம், வருவார் என்றே நினைக்கிறேன். எங்கள் தெருவுக்கு ஆள் வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.